திடலில் நிற்கும் சிப்பாய் யார்? அமெரிக்கச் சிற்றூர்ப் போர்ச் சின்னங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ இங்கிலாந்துப் பக்கம் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் நடுவில் ஒரு புல் திடல் இருக்கும். வெள்ளைக் கோபுரம் வைத்த தேவாலயம், நூலகம், அப்புறம் ஒரு கல் மேடையின்மேல் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் மாலை நடைக்கு அந்தத் திடலுக்குத்தான் போகிறார்கள். திரும்பும்போது கேள்விகளோடு வருகிறார்கள். இங்கேயே பல வருடமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பதில் தெரிவதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

இது யாரோட சமாதி?

சமாதி இல்லை. அதன் அடியில் யாரையும் புதைக்கவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களுக்காக ஊரார் எழுப்பிய சின்னம். அடிமை முறையை விட மனமில்லாமல் தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்தன. அதை ஏற்காத வட மாநிலங்கள், அதாவது யூனியன், படை திரட்டியது. இரு பக்கமும் சேர்த்து 6,20,000 பேர் இறந்தார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மைக்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டியிருக்கின்றன.

இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை, உடலாகக்கூட. போர் முடிந்த பிறகு அரசாங்கம் தென் மாநிலங்களில் அங்கங்கே புதைந்து கிடந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட யூனியன் வீரர்களைத் தோண்டியெடுத்துத் தேசியக் கல்லறைகளில் அடக்கம் செய்தது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் யாரென்றே தெரியவில்லை. பூ வைக்க ஒரு கல்லறைகூட இல்லாத வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. அதனால்தான் கல்லறை அல்லாத இந்தக் கல்லுக்கு அவ்வளவு தேவை வந்தது.

மேல நிக்கிறவர் யாரு? வாஷிங்டனா, லிங்கனா? பேரே போடலயே?

இரண்டு பேரும் இல்லை. தளபதியும் இல்லை. பெயரில்லாத சாதாரணச் சிப்பாய். அதற்கு முன்பெல்லாம் சிலை வைத்தால் ஜெனரலுக்குத்தான், அதுவும் குதிரைமேல். கடைநிலைச் சிப்பாயை உச்சியில் நிறுத்தி, அவன் ஊர்க்காரர்களின் பெயரைக் கீழே வெட்டும் வழக்கம் இந்தப் போருக்குப் பிறகுதான் ஊர் ஊராகப் பரவியது.

எல்லா ஊரிலும் சிலை இருக்கும் என்றும் இல்லை. முதலில் வந்தவை பெரும்பாலும் வெறும் கல் தூண்கள். கனெக்டிகட்டில் கென்சிங்டன் தேவாலயத்தின் முன்னால் இருக்கும் பழுப்புக் கல் தூண் 1863 ஜூலை 28 அன்று, போர் நடந்துகொண்டிருக்கும்போதே திறக்கப்பட்டது. இன்றும் நிற்கும் மிகப் பழைய சின்னங்களில் அது ஒன்று. மாசச்சூசெட்ஸின் கான்கார்ட் ஊரில் இருப்பதும் தூண்தான். 1867 ஏப்ரல் 19 அன்று அதன் திறப்பு விழாவில் உள்ளூர்க்காரரான எழுத்தாளர் எமர்சன் பேசினார்.

செருப்பைக் கழட்டிட்டுப் போகணுமா? நம்ம ஊரு நடுகல் மாதிரிதானே இதுவும்?

கழற்ற வேண்டாம். படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களையே நீங்கள் பார்க்கலாம். பிள்ளைகள் மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நடுகல்லோடு ஒப்பிடுவது எனக்குத் தப்பாகப் படவில்லை. சண்டையில் செத்தவன் பெயரையும் செயலையும் கல்லில் எழுதி, எல்லோரும் போய்வரும் வழியில் நடுவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நடுகல்லுக்குப் படையல் உண்டு, அது தெய்வமாகிவிடும். இங்கே படையல் கிடையாது. வருடத்துக்கு ஒரு நாள் மலர் வளையமும் கொடியும் வைப்பார்கள், அவ்வளவுதான்.

கீழ இருக்கிற பேரெல்லாம் செத்தவங்க பேரா, போனவங்க பேரா?

ஊருக்கு ஊர் வேறுபடும். சிற்றூர்களில் பெரும்பாலும் இறந்தவர்கள் மட்டும். சில இடங்களில் போய்வந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஓஹையோவின் கிளீவ்லாந்தில் 1894-ல் திறந்த பெரிய மண்டபத்தின் உள்சுவரில் அந்த மாவட்டத்திலிருந்து போன சுமார் 9,000 பேரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. மேடையின் முன்பக்க வாசகத்தைப் படித்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

திடலுக்குப் போனால் சிலையை அரை நிமிடம் பார்த்துவிட்டு, பெயர்களோடு மீதி நேரத்தைச் செலவிடுங்கள் என்பேன். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும்: அண்ணன் தம்பி, சித்தப்பா மகன். காரணம், படை திரட்டிய முறை. நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனியை ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களைச் சேர்த்தோ திரட்டினார்கள். அப்படிப் பத்துக் கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். அந்த ரெஜிமென்ட் ஒரு நாள் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால், ஒரே தெருவில் நாலு வீட்டில் இழவு.

பல ஊர்களில் பெயருக்குப் பக்கத்தில் இறந்த இடமும் இருக்கும். ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க் போன்ற போர்க்களங்களைத் தேடுவீர்கள். அவற்றுக்கு நடுவே ஆண்டர்சன்வில் என்றும் வரும். அது போர்க்களம் இல்லை. ஜார்ஜியாவில் தென்தரப்பு நடத்திய கைதி முகாம். அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் பசியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். அந்தப் போரில் குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள்தான் அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எல்லா ஊர்லயும் ஒரே ஆளு மாதிரியே இருக்காரே, ஒரே அச்சா?

பல இடங்களில் அச்சேதான். இரண்டு கையாலும் துப்பாக்கிக் குழலைப் பிடித்து, கட்டையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை லேசாக முன்னால் வைத்து நிற்கும் அந்த நிலை எல்லோருக்கும் பிடித்துப்போனது. மீசை, தொப்பி, தோளில் குட்டை மேலங்கி வைத்த பெரிய கோட். கல் பட்டறைகளும் உலோகப் பட்டறைகளும் விலைப்பட்டியல் புத்தகம் போட்டு ஊர் ஊராக ஆள் அனுப்பின. ஊர்க் கமிட்டி பக்கத்தைப் புரட்டி, கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற சிப்பாயைத் தேர்ந்தெடுக்கும்.

கல்லில் வேண்டுமென்றால் ரோட் ஐலண்டின் வெஸ்டர்லி, மாசச்சூசெட்ஸின் குவின்ஸி, வெர்மான்டின் பாரி போன்ற கிரானைட் ஊர்கள். இந்த ஜாடையில் மிகப் பெரிய சிப்பாய்களில் ஒருவர் ஆன்டீட்டம் கல்லறையில் நிற்கிறார். வெஸ்டர்லியில் செதுக்கிய அவர் மட்டும் 21 அடிக்கு மேல். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் காட்சிக்கு வைத்துவிட்டுக் கொண்டுபோகும் வழியில், வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றுக்குள் ஒரு பாகம் விழுந்து, மீட்டெடுத்து, 1880-ல்தான் நிறுத்தினார்கள்.

உலோகத்தில் வேண்டுமென்றால் ஓஹையோவின் சேலம் ஊரில் இருந்த மல்லின்ஸ் கம்பெனி தகட்டை அச்சில் அடித்துச் சிலை செய்துகொடுத்தது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த மானுமென்டல் பிரான்ஸ் கம்பெனி வடக்கு ஊர்களுக்கும் விற்றது, தெற்கு ஊர்களுக்கும் விற்றது. சில சமயம் பெல்ட் பூட்டில் இருக்கிற எழுத்துதான் வித்தியாசம். வியாபாரிக்கு எந்தப் பக்கமும் பகை இல்லை.

தட்டிப் பாத்தா டொங்குனு சத்தம் வருது. இது வெண்கலம்தானே?

நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்து, தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் அது துத்தநாகம். பிரிட்ஜ்போர்ட் கம்பெனி அதைத்தான் ‘வெள்ளை வெண்கலம்’ என்று பெயர் சூட்டி விற்றது. பேரில் மட்டும்தான் வெண்கலம். பாகம் பாகமாக வார்த்து, உருக்கிய துத்தநாகத்தாலேயே ஒட்டி, மணல் வீசிக் கல் மாதிரி மேற்பரப்பு கொடுத்தார்கள். உண்மையான வெண்கலத்தைவிட நிறையவே மலிவு. முதல் உலகப் போர் வரும்வரை இந்தத் தொழில் நடந்தது.

மலிவுச் சரக்கு என்று அந்தக் காலத்திலேயே மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அது ஜெயித்தது: எழுத்து. சலவைக்கல்லில் வெட்டிய பெயர்கள் மழையில் கரைந்து தடவிப் பார்த்தாலும் தெரியாமல் போய்விட்டன. துத்தநாகத்தில் வார்த்தவை நேற்று அடித்த மாதிரி நிற்கின்றன. குறையும் உண்டு. தன் கனத்தாலேயே அடிப்பாகம் மெல்ல நசுங்கி, சிலை ஒரு பக்கம் சாயும். அடி பட்டால் நெளியாது, உடையும்.

போர் 1865-ல முடிஞ்சுதுன்னு சொல்றீங்க. சிலையில 1889, 1905-னு இருக்கே? காசு யாரு குடுத்தா?

பிழைத்து வந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, அதுதான் முக்கியக் காரணம். 1866-ல் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஊரில் தொடங்கிய ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்ற முன்னாள் வீரர் சங்கம் 1890 வாக்கில் 4 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களோடு உச்சத்தில் இருந்தது. ஊருக்கு ஊர் கிளை. நாம் போவதற்குள் பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். மேலே சொன்ன மலிவு விலைச் சிப்பாய்களும் அதே காலத்தில் சந்தைக்கு வந்தார்கள்.

காசு பல வழியில் வந்தது. டவுன் மீட்டிங் என்ற ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு வரிப்பணத்தில் ஒரு பங்கு. பெண்கள் சந்தை, விருந்து, நாடகம் நடத்தித் திரட்டியது ஒரு பங்கு. பல ஊர்களில் அதுதான் பெரும் பங்கு, ஆனால் கல்லில் அவர்கள் பெயர் அபூர்வமாகத்தான் இருக்கும். உள்ளூர் மில் முதலாளி முழுச் செலவையும் ஏற்று, தன் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்ட இடங்களும் உண்டு.

சிப்பாய், மாலுமி ரெண்டு பேருக்கும்னு எழுதியிருக்கு. மாலுமி எங்க?

எனக்குப் பிடித்த கேள்வி. உச்சியில் ஓர் ஆளுக்குத்தான் காசு இருந்தது என்றால் ஊர் காலாட்படைச் சிப்பாயை நிறுத்தியது. மாலுமி வாசகத்தோடு நின்றுவிட்டார். கொஞ்சம் வசதியான ஊர் என்றால் மேடையின் நாலு மூலையில் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை, கடற்படை என நாலு பேர். அகலமான திறந்த காலர், தட்டையான வட்டத் தொப்பி, கீழே விரிந்த கால்சட்டை, பக்கத்தில் நங்கூரமோ கயிற்றுச் சுருளோ இருந்தால் அவர்தான் மாலுமி. பாஸ்டன் காமன் பூங்கா மேட்டில் 1877-ல் திறந்த, சிற்பி மார்ட்டின் மில்மோரின் பெரிய சின்னத்தில் ஒரு மாலுமி கடலைப் பார்த்து நிற்கிறார்.

பெயர்ப் பட்டியலிலும் மாலுமிகள் குறைவாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. சிப்பாய்கள் ஊரோடு ஒரு கம்பெனியாகப் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா? மாலுமி அப்படிப் போகவில்லை. துறைமுகத்துக்குத் தனியாகப் போய்ப் பெயர் கொடுத்து, எந்தக் கப்பலில் இடமோ அதில் ஏறி, பிறகு கப்பல் மாறிக்கொண்டே இருந்தார். ‘நம்ம ஊர்ப் படை’ என்று ஒன்று கடலில் இல்லை. இன்னொன்று: ஒவ்வொரு ஊரும் இத்தனை ஆள் தரவேண்டும் என்று அரசாங்கம் கணக்கு வைத்திருந்தது. 1864-ல் சட்டம் மாறும்வரை கடற்படைக்குப் போனவர்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஊர்ப் பதிவேட்டில் இல்லாதவர் முப்பது வருடம் கழித்துக் கல்லில் எப்படி வருவார்?

கடலே இல்லாத ஊர்லயும் மாலுமினு போட்டிருக்காங்களே, எதுக்கு?

ஆறு இருந்தது. யூனியன் கடற்படையின் பெரிய வேலை சுமார் 3,500 மைல் நீளத் தென் கரையை முற்றுகையிட்டுக் கப்பல் போக்குவரத்தை அடைப்பது. இன்னொரு வேலை மிசிசிப்பியையும் அதன் கிளைகளையும் பிடிப்பது. அதற்கான இரும்புக் கவசப் படகுகளை இல்லினாய், மிசூரி கரைகளிலேயே கட்டினார்கள். விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடற்படை வீரர்கள் ஆனார்கள்.

வடக்கு ஊரு சிலை தெற்கப் பாத்துதான் நிக்குமாமே, எதிரி வர்ற திசைன்னு?

கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. பெரும்பாலான சிலைகள் மெயின் ரோட்டையோ ரயில் நிலையத்தையோ பார்த்து நிற்கின்றன. நாலு திசையிலும் உதாரணம் கிடைக்கும். சாலையை அகலப்படுத்தும்போது சிலையைத் தூக்கித் திருப்பி வைத்த ஊர்களும் உண்டு. அடுத்த முறை போகும்போது கைப்பேசித் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள்.

சிலையை மாத்தி வேற ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு ஒரு கதை சொல்றாங்களே, நெஜமா?

மெய்ன் மாநிலத்தின் யார்க் ஊரைப் பற்றிய கதை அது. அங்கே 1906-ல் வைத்த சிப்பாயின் விளிம்பு வைத்த தொப்பியைப் பார்த்து, தென்தரப்பு ஆள் தவறி வந்துவிட்டார் என்றும், யார்க்குக்கு வரவேண்டியவர் தென் கரோலினாவின் கிங்ஸ்ட்ரீயில் நிற்கிறார் என்றும் சொல்வார்கள். உண்மையில் யார்க் சிலையின் உடை 1898 ஸ்பானியப் போர்க்காலத்து உடை. செதுக்கியவர் கண்முன்னால் பார்த்த சிப்பாயைச் செதுக்கிவிட்டார் போல. ஒரே பட்டறைகள் இரு பக்கமும் விற்றதால் இப்படிக் கதை கிளம்புவதில் ஆச்சரியமில்லை.

நிஜமாகவே நடந்த கூத்து ஜார்ஜியாவின் எல்பர்ட்டனில். அது தென்தரப்புச் சின்னம். 1898-ல் உள்ளூர் கிரானைட்டில் செதுக்கி வைத்த சிப்பாய் குட்டையாக, குண்டாக, பார்த்தால் வடக்கத்திய உடையில் இருந்தார். ஊராருக்குப் பொறுக்கவில்லை. ‘டட்சி’ என்று கேலிப்பெயர் வைத்து, 1900-ல் ஒரு ராத்திரி கீழே தள்ளி, அதே இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். 1982-ல் தோண்டியெடுத்து, கார் கழுவும் கடைக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, அங்குள்ள கிரானைட் அருங்காட்சியகத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துல இருக்கிற பீரங்கி நெஜமானதா?

பெரும்பாலும் நிஜம்தான். பழசாகிப் போனவற்றைக் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், அனுமதியோடு ஊர்களுக்குக் கொடுத்தார்கள். வெடிக்காது, வாயை அடைத்திருப்பார்கள். பீரங்கி இல்லாமல் கல் மேடை மட்டும் இருந்தால், 1942 வாக்கில் பழைய இரும்பு திரட்டியபோது உருக்கக் கொடுத்திருக்கலாம்.

எந்த நாள்ல போனா மாலை போடுறத பாக்கலாம்?

மே மாதக் கடைசித் திங்கள், மெமோரியல் டே. 1868 மே 30 அன்று இறந்த வீரர்களின் கல்லறையில் பூ வைக்கும்படி மேலே சொன்ன சங்கத்தின் தலைவர் ஜான் லோகன் உத்தரவிட்டதிலிருந்து வந்த நாள். 1971 முதல் திங்களுக்கு மாறியது. பள்ளி பேண்டு, தீயணைப்பு வண்டி, சாரணர்கள் என ஊர்வலம் வந்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கொடி நண்பகல் வரை அரைக் கம்பத்தில், பிறகு உச்சிக்கு. கடலோ ஆறோ இருக்கும் ஊர்களில் ஊர்வலம் பாலத்தில் நின்று தண்ணீரில் பூ விடும். அது மாலுமிகளுக்கு.

நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே வேறு. அது பணியாற்றிய எல்லோருக்கும், உயிரோடு இருப்பவர்களுக்கும். ‘ஹேப்பி மெமோரியல் டே’ என்று சொல்வதைப் பலர் ரசிக்க மாட்டார்கள்.

கறுப்பினத்தவங்களும் சண்டை போட்டாங்களே, சிலையில ஒருத்தரையும் காணோமே?

யூனியன் தரைப்படையில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள், தனி ரெஜிமென்ட்களில். கடற்படையில் சுமார் 18,000 பேர், அதுவும் வெள்ளையர்களோடு ஒரே கப்பலில். பெயர்ப் பட்டியலில் சிலர் இருப்பார்கள். உச்சியில் நிற்பவர் கிட்டத்தட்ட எப்போதும் வெள்ளையர். பட்டியல் புத்தகத்தில் வேறு முகமே இல்லை, கேட்டவர்களும் இல்லை.

விதிவிலக்கு வேண்டுமானால் வர்ஜினியாவின் நார்ஃபோக் போக வேண்டும். அங்கே கறுப்பினத்தவர் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் சிப்பாயை 1920-ல் நிறுத்தினார்கள். வாஷிங்டனில் 1998-ல் வந்த சின்னத்தில் 2,09,145 பெயர்கள் உண்டு. சிற்பத்தில் சிப்பாய்களோடு ஒரு மாலுமியும் நிற்கிறார்.

தெற்குல இந்த மாதிரி சிலையெல்லாம் எடுத்துட்டாங்களே, இதையும் எடுத்துருவாங்களா?

ஜாடை ஒன்றுதான், சொல்கிற சேதி வேறு. தெற்கில் நீதிமன்ற வாசல்களில் நிற்கும் சிப்பாய்களில் பெரும்பாலோர் 1900-க்கும் 1920-க்கும் இடையில் வந்தவர்கள். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்து, இனப் பிரிவினைச் சட்டங்களை இறுக்கிய காலம் அது. நீதி கேட்டுப் போகிற இடத்தின் வாசலில் அடிமை முறைக்காகப் போரிட்டவர் நின்றால், அது வெறும் இழவு நினைவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்காக அழுத தாய்மார்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். அந்த நினைவுக்குக் கல்லறைத் தோட்டம் போதும்.

பால்டிமோரில் இரு தரப்புக்கும் ‘சிப்பாய்கள், மாலுமிகள்’ சின்னம் இருந்தது. 1903-ல் வைத்த தென்தரப்புச் சின்னத்தை 2017-ல் நகராட்சி அகற்றியது. 1909-ல் வைத்த யூனியன் சின்னம் அங்கேயே இருக்கிறது. அதே 2017-ல் வட கரோலினாவின் டர்ஹமில் கூட்டம் இழுத்துத் தள்ளிய சிலை கீழே விழுந்ததும் தகரம் மாதிரி நசுங்கியது. தகட்டை அச்சில் அடித்துச் செய்த சிலைகளைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கலாம்.

இந்தப் பட்டியல்ல நம்ம நாட்டு ஆளுங்க யாராவது இருக்காங்களா?

உங்கள் ஊர்க் கல்லில் தேடினால் கிடைப்பது கடினம். கடற்படையின் கப்பல் பதிவேடுகளில் தேடலாம். அவற்றில் பிறந்த இடம் என்று ஒரு பத்தி உண்டு. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்றெல்லாம் வரும். ஆனால் இந்தியாவில் பிறந்தவர் என்றால் அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம், பெயரும் கப்பலில் மாறியிருக்கும். மாசச்சூசெட்ஸின் சேலம் துறைமுகம் அதற்கு வெகு முன்பே சென்னை, கொல்கத்தாவோடு வியாபாரம் செய்தது. அதனால் ஆள் வந்திருக்க வழி இருந்தது. அவ்வளவுதான் சொல்லலாம்.

பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். கல்லுல இருக்கிற ஒரு பேரை எடுத்து அவரப் பத்தி எப்படித் தேடுறது?

தேசியப் பூங்காத் துறையின் ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ தரவுத்தளம் இலவசம். பெயர், மாநிலம், ரெஜிமென்ட் போட்டுத் தேடலாம். 63 லட்சம் பதிவுகள் உண்டு, ஆனால் ஒருவரே இரண்டு மூன்று முறை வருவார், எழுத்துக்கூட்டலும் மாறும். ரெஜிமென்ட் தெரிந்தால் அது எங்கெங்கே போனது என்பது கிடைத்துவிடும். அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்பு. விதவையோ அம்மாவோ கொடுத்த மனு, அதற்குச் சாட்சியாகச் சில சமயம் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களே அதில் இருக்கும்.

மாலுமியை எடுத்தால் கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், காரணம் மேலே இருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தில் மாலுமிகள் என்றால் பெரும்பாலும் அந்த 18,000 கறுப்பின மாலுமிகள்தான். ஹோவர்ட் பல்கலைக்கழகம் உழைத்துத் தொகுத்தது.

பாசி பிடிச்சிருக்கு. நம்ம சங்கத்துப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய்க் கழுவி விடலாமா?

நல்ல எண்ணம்தான், ஆனால் கேட்காமல் தொடாதீர்கள். சின்னம் ஊர்ச் சொத்து. டவுன் ஹாலில் கேட்டால் வரலாற்று ஆணையத்துக்கோ பூங்காத் துறைக்கோ அனுப்புவார்கள். கம்பி பிரஷ், பிளீச், அழுத்தத் தண்ணீர், மணல் வீசுதல் எதுவும் கூடாது. கிரானைட் மேடை என்றால் சுத்தத் தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். வெண்கலத்துக்கு மெழுகு பூசுவார்கள், அது பழகியவர்கள் வேலை. துத்தநாகம் என்றால் மேலே ஏணி சாய்க்கவே கூடாது. சாய்ந்த சிலையை நிமிர்த்துவதற்காக உள்ளே கான்கிரீட் ஊற்றி, அது விரிந்து ஒட்டுகள் பிளந்த சிலைகள் பல ஊர்களில் உண்டு.

அனுமதி கிடைக்கும்வரை ஒன்று செய்யலாம். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து நூலகத்தில் கொடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்தும் படிக்கக் கிடைக்கும். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டாம், கல் உதிரும்.